இருவரும் கை நிறுத்திய முச்சந்தி

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில், பெரிய சாலையும் கடலை வறுக்கும் சந்தும் சேருகிற முச்சந்தியில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் ஆண்டு சித்திரை மாதத்திலிருந்து சத்தம் கேட்பதில்லை. பெரிய இடமில்லை, இரண்டு லாரிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம், அவ்வளவுதான். அதற்குள் கால் வைத்தால் செருப்புச் சத்தம் நின்றுவிடும், வெளியே வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மீன்காரர் சீனி அங்கே நின்று கூவிக் கூவித் தொண்டை கட்டியும் ஒரு கெளுத்தி போகவில்லை. பிறகு சாக்கடை ஓடுகிற லொங்காங்கைத் தாண்டிப் போய் நின்றுகொண்டார், வியாபாரம் பழையபடி ஆனது. அழுகிற பிள்ளைகளைத் தாய்மார்கள் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்திவைத்தார்கள். பிள்ளை அழுதுகொண்டுதான் இருக்கும், தாய்க்குக் கொஞ்சம் ஓய்வு. மாமியாரைத் திட்ட வேண்டிய மருமகள்கள் சந்தைக்குப் போகிற வழியில் அங்கே நின்று, வாயில் வந்ததையெல்லாம் திட்டி முடித்து, முகம் தெளிந்து கத்தரிக்காய் வாங்கப் போவார்கள். தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையிலிருந்து விடுப்பில் வந்த ஒருவர் அரைநாள் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, காதுக்குள்ளே இருக்கிறவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நகராண்மைக் கழகத்திலிருந்து வந்த ஆள் தரையைக் காலால் தட்டிப் பார்த்தார், எதிர்க்கடையில் தேநீர் குடித்தார், ஹார்ன் அடிக்காதீர்கள் என்று ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார். அந்தப் பலகை இன்னும் இருக்கிறது.

இதற்குக் காரணமானவர்கள் இரண்டு பேர். ஒருவர் மாயாண்டி. கோலா கங்சார் பக்கத்துக் கித்தாத் தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே பிறந்தவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னபோது, மனைவி செல்லாயியையும் ஒரு தகரப்பெட்டியையும் ஓர் உறுமியையும் கொண்டு புந்தோங்குக்கு வந்தார். வேறு சாமான் இல்லை. அடையாள அட்டையும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு நிறம் என்பதால் வேறு வேலையும் எளிதில் இல்லை. உறுமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்து மறுபக்கத்தை அடிப்பார்கள். மாயாண்டி தேய்த்தால் அந்தத் தோல் பசித்த மிருகம்போல் அடிவயிற்றிலிருந்து முனகும். காவடிக்கும் தீமிதிக்கும் சாவுக்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவர் அடித்தால் அம்மன் வரவேண்டியவர்கள் மேல் வருவாள், சில சமயம் வேடிக்கை பார்க்க வந்த சீன முதலாளி தவுக்கே மேலும் வந்துவிடுவாள்.

மற்றவர் அப்துல் ஹலீம். தெலுக் இந்தான் பக்கம் தோட்டத்துக் கடைக்காரர் மகன். காலையில் முச்சந்திக்கு அருகே இருந்த சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் வீசுவார், சாயங்காலம் தோளில் அக்கார்டியனை மாட்டிக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போவார். மலாய்க்காரர் வீட்டில் ஜோகெட் ஆட்டப் பாட்டு, தமிழர் வீட்டில் சினிமாப் பாட்டு, பணக்காரர் வீட்டில் இந்திப் பாட்டு. அவர் வாசித்தால் மணமேடையில் குனிந்திருக்கிற பெண்ணும் கால் பெருவிரலை ஆட்டுவாள். மாவு வீசிய கைக்கு விரல் அப்படி ஓடக்கூடாது, ஓடியது.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு லொங்காங்தான். ஆகவே இவர் வாசித்துப் பழகுவதை அவரும், அவர் வாசித்துப் பழகுவதை இவரும் வேண்டாவெறுப்பாகக் கேட்டே தீரவேண்டியிருந்தது. ஹலீமுக்கு உறுமி ஆகாது. அது ஆரம்பித்தால் ஜன்னலைச் சாத்துவார். மாயாண்டிக்கு அக்கார்டியன் ஆகாது. சீனித்தண்ணி என்பார், கேட்டால் வயிறு புரட்டுகிறது என்பார். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஊரில் உள்ளவர்கள் இவர் சொன்னதை அவரிடமும் அவர் சொன்னதை இவரிடமும் கொஞ்சம் உப்புக் கூட்டியே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆனால் ஒருநாள் கடையில் பாத்திரம் கழுவுகிறவன், உறுமிக்காரர் நேற்று தாளம் தப்பினார் என்று ஹலீமைக் குஷிப்படுத்தச் சொன்னான். ஹலீம் மாவை மேசையில் அறைந்தார்.

"அவன் தப்ப மாட்டான்லா. கேக்கத் தெரியாட்டிப் பேசாத."

"பாய்க்குத்தான் அது பிடிக்காதே."

"எனக்குப் பிடிக்காது. அது வேற."

இதை மட்டும் யாரும் மாயாண்டியிடம் கொண்டுபோகவில்லை. கொண்டுபோவதற்கு அதில் காரம் இல்லை. மாயாண்டியும் ஒரு சாவு வீட்டில், குடித்திருந்த நேரத்தில், அந்தாளு வாசிக்கிறது பாட்டே இல்ல, ஆனா அதுல ஒரு எடத்துலகூடப் பொய் இருக்காது என்று சொன்னார். அதையும் யாரும் ஹலீமிடம் சொல்லவில்லை.

அந்தச் சித்திரையில் மாரியம்மன் கோயில் காவடி ஊர்வலம் சந்து வழியாக வந்தது, முன்னால் மாயாண்டி. அதே நேரம் பெரிய சாலையில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம், மாலை போட்ட மோரிஸ் மைனர் காருக்கு முன்னால் ஹலீமும் அவருடைய குழுப் பையன்களும். இங்கே தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு மேளம் எதிரெதிரே சந்தித்தால், கை வித்தையில் குறைந்தவன் நிறுத்த வேண்டும், பெரியவன் அடித்துக்கொண்டே கடந்துபோவான். யாரும் நிறுத்தாவிட்டால் சண்டை. தோட்டங்களில் இதனால் மண்டைகள் உடைந்திருக்கின்றன. இரண்டு பேரும் நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று வழக்கத்தில் சொல்லவில்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று அதை உண்டாக்கியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

மண்டை உடைவதைப் பார்க்கலாம் என்று ஊரே மாடிப்படிகளில் ஏறி நின்றது. இரண்டு பேரும் முச்சந்தியில் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரே நொடியில் மாயாண்டி குச்சியைத் தோலிலிருந்து எடுத்தார், ஹலீம் அக்கார்டியன் பெட்டியை மூடினார். மாயாண்டி கையை நீட்டி, நீங்கள் போங்கள் என்று காட்டினார். ஹலீம் தலையாட்டி, நீ போ என்று காட்டினார். இப்படியே காட்டிக்கொண்டு நின்றார்கள். காவடி எடுத்தவர்களுக்கு அருள் விலகி, தோளில் வலி தெரிய ஆரம்பித்தது. மாப்பிள்ளைக்கு மோரிஸ் மைனருக்குள் வியர்த்து அத்தர் வாடை போய்விட்டது. கடைசியில் இரண்டு ஊர்வலமும் சத்தமில்லாமல் ஒன்றையொன்று கடந்தன. அவர்கள் விட்டுப்போன சத்தமின்மை அங்கேயே நின்றுவிட்டது.

இடத்தில் நின்றதோடு முடியவில்லை. அன்றிலிருந்து மாயாண்டி கையில் உறுமி பேசவில்லை, ஹலீம் கையில் அக்கார்டியன் பேசவில்லை. வேறு யார் தொட்டாலும் பேசின, மோசமாகப் பேசின, ஆனாலும் பேசின. கோயிலில் சாமியிடம் குறி கேட்டார்கள். யாராவது ஒருத்தர் அந்த முச்சந்தியில் முதலில் ஆரம்பித்தால் போதும், இருவருக்கும் சத்தம் திரும்பும் என்று பூசாரி மேல் வந்த மாரியம்மா சொன்னாள். பாசீர் பூத்தேயிலிருந்த மலாய் மந்திரவாதி போமோவும் கோழி முட்டையை உருட்டிப் பார்த்து அதையேதான் சொன்னார். எளிதான வைத்தியம். ஆனால் முதலில் ஆரம்பிக்கிறவன், நான்தான் பெரியவன் என்று ஊருக்கு முன்னால் சொன்னதாக ஆகும். இரண்டு பேரும் மாட்டேன் என்றார்கள்.

கோயில் தலைவர் கார்த்திகேசு, விசேஷங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறவர், அவருக்குத்தான் இதில் நஷ்டம் அதிகம். மேளம் இல்லாத விசேஷத்துக்கு ஆள் வருவதில்லை, ஆள் வராவிட்டால் நாற்காலி எதற்கு. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பது. இரண்டு பேரும் அவரவர் சாமி மேல் சத்தியம் செய்தார்கள். முச்சந்தியில் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணினால் கேட்காதாகையால், கார்த்திகேசு கைக்குட்டையைக் கீழே போடுவது என்று முடிவாயிற்று. கைக்குட்டை விழுந்தது. மாயாண்டியின் கை தோலுக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. ஹலீமின் விரல் கட்டைக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. அந்த ஒரு மயிரிழை நேரம் எதிராளி முந்தட்டும் என்று இரண்டு பேரும் சத்தியத்தில் திருடினார்கள். கார்த்திகேசு குனிந்து கைக்குட்டையை எடுத்து மறுபடி போட்டார். மறுபடியும் அதே. மறுபடியும் குனிந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. நான்கு பேர் அவரை அவருடைய நாற்காலி ஒன்றிலேயே வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் என்ன திட்டினார் என்பது லொங்காங்கைத் தாண்டிய பிறகுதான் கேட்டது.

மறுநாள் மாயாண்டி ஹலீம் கடைக்கு வந்து உட்கார்ந்தார். அதுவரை அவர் அங்கே சாப்பிட்டதில்லை.

"நீங்க ஏன் இழுக்கல பாய்?"

"நீ அடிப்பேன்னு பாத்தேன்லா."

"பெரியவரு நிக்கிறப்ப நான் எப்படி அடிக்கிறது?"

"யாருடா பெரியவன்? மாவு பிசையிறவனா? உன் மோளத்தக் கேட்டா எனக்கு மண்டவலி. ஆனா உன் கைக்கு முன்னால நான் தூசு. ஒத்துக்கயேன், உனக்கென்ன கேடு?"

"உங்க பெட்டி எனக்கு ஆகாது பாய். சாகுற வரைக்கும் ஆகாது. அதுக்காக இல்லாததச் சொல்ல முடியுமா? நீங்கதான் பெரியவரு."

"வாய மூடு."

"நீங்க மூடுங்க."

கல்லில் கிடந்த ரொட்டி கருகியது. பக்கத்து மேசைக்காரர்கள் சண்டை என்று நினைத்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். சண்டைதான். அதன் பிறகு பதினோரு வருடம் மாயாண்டி தினமும் அந்தக் கடையில் சாப்பிட்டார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. கருகாத ரொட்டியாகப் பார்த்து அவருக்கு வரும், அது மட்டும்தான்.

அந்த வருடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஹலீமின் குழுப் பையன்கள் மின்சாரக் கீபோர்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வேறு பெயரில் கச்சேரி செய்யப் போய்விட்டார்கள். கோயில் காவடிக்கு சுங்கை சிப்புட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள், பிறகு கேசட் வந்தது. கேசட்டுக்கும் சிலருக்கு அருள் வந்தது, ஊர் அதையும் பார்த்தது. மாயாண்டி ஒரு மரப்பட்டறையில் இரவுக் காவலுக்கு, ஜாகா வேலைக்குப் போனார். செல்லாயி வீடுகளில் துணி துவைத்தாள். தோட்டத்தில் பால்மரம் சீவிய கை, சோப்புத் தண்ணீரில் வெடித்துப்போனது. லொங்காங்குக்கு அந்தப் பக்கம் ஹலீமின் மனைவி ஃபரீதா குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் இந்தப் பக்கம் வரும். செல்லாயி கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பாள், வாங்கிக்கொண்டதற்குச் சிரிக்கமாட்டாள்.

"ரெண்டு பேரும் மாறி மாறி மரியாத பண்ணிக்கிறாங்க, நான் ஊரான் வீட்டுச் சட்டையத் தொவைக்கிறேன்" என்று அவள் ஃபரீதாவிடம் சொன்னதைச் சந்தில் கடலை வறுக்கிற எல்லோரும் கேட்டார்கள். கேட்கிற தூரத்தில்தான் எல்லோரும் வறுத்தார்கள்.

"எங்க வீட்டுலயும் அதே கததான் அக்கா. பெட்டியத் தொடச்சித் தொடச்சி வைக்கிறாரு."

"உங்க வீட்டுல மாவு இருக்கு. எங்களுக்கு அந்தத் தோல் ஒண்ணுதான்."

ஃபரீதாவுக்கு அது தைத்தது. ஒருநாள் அவள் கணவனிடம், மாயாண்டி யாரிடமும் சொல்லாமல் முச்சந்தியில் ஆரம்பித்துவிட்டாராம், தெலுக் இந்தானில் ஒரு சாவுக்கு அடித்துக்கொண்டிருக்கிறாராம் என்று பொய் சொன்னாள். ஹலீம் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நிக்காஹ் அன்றுகூடத் தான் பார்க்கவில்லை என்று பிற்பாடு சொன்னாள். அவர் ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்து இழுத்தார். காற்று போய் வந்தது, சத்தம் இல்லை. பெட்டியைத் துடைத்து உறையில் போட்டார். மனைவியை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரம் குழம்பையும் கேட்கவில்லை.

எண்பத்து நான்கில் மாயாண்டிக்குச் சர்க்கரை காலில் இறங்கியது. காலை எடுத்தார்கள், பிறகு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஜன்னல் ஓரம் கட்டிலில் படுத்திருந்தார். ஒரு மத்தியானம் செல்லாயியைக் கூப்பிட்டு, பாயை ஒரு பாட்டு வாசிக்கச் சொல் என்றார். செல்லாயி முதலில் காய்ச்சலில் உளறுகிறார் என்று நினைத்தாள்.

"உங்களுக்குத்தான் அது ஆகாதே."

"ஆகாது. கேக்கணும்."

செல்லாயி ஈரக்கையோடு கடைக்குப் போனாள். சாப்பாட்டு நேரம், கடை நிறைய ஆள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"பாய், அவரு போகப்போறாரு. ஒங்க பெட்டியக் கேக்கணுமாம். போயி முச்சந்தில ஆரம்பிங்க. இப்ப யாரு பெரியவன்னு எவனும் கேக்க மாட்டான். எனக்காகச் செய்ங்க."

ஹலீம் அடுப்பை அணைத்தார். கையிலிருந்த மாவைக் கழுவினார். நகத்துக்குள் இருந்ததையும் ஈர்க்கால் எடுத்தார். வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு முச்சந்திக்கு வந்தார். ஊர் வந்துவிட்டது, சொல்ல வேண்டியதில்லை. கடலை வறுத்தவர்கள் சட்டியை இறக்கிவைத்தார்கள். மாயாண்டி படுத்திருந்த ஜன்னல் அங்கிருந்து நான்கு வீடு தள்ளி. திறந்திருந்தது. ஹலீம் வாரைத் தோளில் மாட்டினார், பெட்டியை விரித்தார், விரலைக் கட்டையில் வைத்தார். அப்படியே நின்றார். வெயில் முகத்தில் அடித்தது, வியர்வை மூக்கு நுனியில் வந்து சொட்டியது. ஆரம்பித்துவிடு என்று எதிரே நின்ற ஃபரீதா கையெடுத்துக் கும்பிட்டாள். நிழல் நகர்ந்து அவர் செருப்பைத் தாண்டியபோது பெட்டியை மூடிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்னா பாய்?" செல்லாயி அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"முடியலம்மா."

"வெரலு வரலியா?"

"வெரலு வரும். நான் பெரியவன்னு பொய் சொல்லிட்டு வாசிக்கணும். அவன் காதுக்கு அது தெரிஞ்சிரும்."

"சாகப்போறவருக்கு ஒரு பொய் சொன்னா என்னா பாய்? ஊருல தெனமும் சொல்றாங்க."

ஹலீம் வாரைத் தோளிலிருந்து கழற்றினார். செல்லாயி சட்டையை விட்டாள். சட்டையில் சோப்புக் கறை விழுந்திருந்தது. வீட்டுக்கு வந்து கட்டில் காலடியில் நின்று, வாசிக்கமாட்டாராம் என்று சொன்னாள். எப்படி ஆறுதல் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். அவசியப்படவில்லை. மாயாண்டி அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியா. நான் சொன்னேன்ல. பெரியவரு."

மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார். அவள் வாழ்நாளில் அவர் அப்படித் திருப்தியாகச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அவளால் அதை மன்னிக்க முடியவில்லை.

சுங்கை சிப்புட் ஆட்கள் வந்து அடித்தார்கள். சுமாராக அடித்தார்கள். பாடை பெரிய சாலைக்குத் திரும்பி முச்சந்திக்குள் நுழைந்தபோது மேளம் நின்றது. அடிக்கிறவர்கள் அடித்துக்கொண்டேதான் இருந்தார்கள். நடுவே ஹலீம் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி, தோளில் அக்கார்டியன். வாசித்துக்கொண்டிருந்தார். பெட்டி விரிந்தது, சுருங்கியது, விரல் ஓடியது. சத்தம் இல்லை. தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். என்ன பாட்டு என்று இன்றைக்கும் ஊரில் இரண்டு கட்சி இருக்கிறது. விரல் ஓட்டத்தைப் பார்த்தால் ஜோகெட் என்று ஒரு கட்சி. மற்றக் கட்சி, விரலை யார் பார்த்தது, பெட்டி விரிந்து சுருங்கியது உறுமி தேய்க்கிற கணக்கில் இருந்தது என்கிறது. ஹலீமிடம் நேராகவே கேட்டார்கள், ரொட்டிக்குக் குழம்பா சீனியா என்று அவர் திருப்பிக் கேட்டார். செல்லாயி அன்று சுடுகாட்டு எல்லை வரை பின்னால் போனாள். ஹலீமைக் கடக்கும்போது மட்டும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதோடு முடிந்திருந்தால் ஊர் வேறு வேலையைப் பார்த்திருக்கும். ஆனால் இருவரில் ஒருவர் போய்விட்டதால், இனி ஹலீம் எத்தனை வாசித்தாலும் அது முந்தியதாகாது, முச்சந்தி அப்படியே இருக்கும் என்று ஆகிவிட்டது. நகராண்மைக் கழகம் அங்கே பேருந்து நிறுத்தம் ஒன்று கட்டிக்கொடுத்தது. உறுமியின் ஒரு பக்கத் தோலை எலி கடித்தது, செல்லாயி மற்றதையும் கிழித்துவிட்டு உள்ளே வெங்காயம் போட்டு வைத்தாள். காற்றோட்டமாக இருக்கிறது, முளைப்பதில்லை என்றாள்.

ஹலீம் கடை வேலை முடிந்து தினமும் சாயங்காலம் அந்த நிறுத்தத்துப் பக்கம் வந்து நின்று வாசிக்கிறார். செல்லாயி துணி துவைத்துவிட்டு ஐந்தரைப் பேருந்தில் அங்கே இறங்குவாள். கூடையைக் கீழே வைப்பாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேராகத் திட்டுவாள். கழுத்து நரம்பு புடைக்கும், விரலை நீட்டுவாள், சில நாள் அழுவதும் உண்டு. அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார், நடுவில் நிறுத்துவதில்லை. அவள் என்ன சொல்கிறாள் என்று தெரிந்துகொள்ள வாயசைவு படிக்கத் தெரிந்த ஒருவரைக் கடலைக்காரர்கள் ஒருநாள் கூட்டிவந்தார்கள். செல்லாயி அந்த ஆள் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டாள். ஹலீம் என்ன வாசிக்கிறார் என்றும் தெரியவில்லை, செல்லாயி என்ன பேசுகிறாள் என்றும் தெரியவில்லை. புந்தோங்கில் ஊருக்குத் தெரியாத விஷயங்கள் இந்த இரண்டுதான்.

பேச்சு முடிந்ததும் செல்லாயி கூடையை எடுத்துக்கொள்வாள், அவர் பெட்டியை மூடுவார், லொங்காங்கின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்து வீட்டுக்குப் போவார்கள். பேருந்து நடத்துநர்கள் மற்ற நிறுத்தங்களின் பெயரைக் கத்துவார்கள். இந்த நிறுத்தத்துக்குக் கத்துவதில்லை. இறங்க வேண்டியவர்களுக்குத் தெரியும்.